வீட்டுக்குள் கைவேலை: கேள்வி பதில்

வாசகி, நெடுங்காடு: புது வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்கிறேன். கடை டைல்ஸ்தான் பளபளக்கும் என்கிறார் கணவர். நீங்கள் யார் பக்கம்?

உங்கள் பக்கம். ஆத்தங்குடிக் கல்லுக்கும் பளபளப்பு உண்டு. அதைக் கொடுப்பது ஒரு கண்ணாடித் துண்டு. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு நிறமாகச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. ஒரு பூவின் விளிம்பு பக்கத்துப் பூவைவிடச் சற்றே நெளிந்திருக்கும். எனக்குப் பிடித்ததே அதுதான். நம்மூரில் உப்பு ஈரம் மேலேறும். தரைக்கு ஈரத்தடுப்பு செய்த பிறகே கல்லைப் பதியுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது.

வாசகர், திருநள்ளாறு: அந்தக் கல்லில் இருக்கும் சிமெண்ட் ஆலைச் சரக்குதானே? பிறகென்ன கைவேலை?

ஆமாம், ஆலைச் சரக்குதான். போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல், இங்கிலாந்தில். கண்ணாடியும் ஆலையில் செய்ததுதான். ஆலையோடு எனக்குச் சண்டையில்லை. குழம்பின் பதம் என்ன, அச்சை எப்போது தூக்குவது என்பதை வேலை செய்கிறவரே முடிவு செய்கிறார். அந்த உரிமையைத் தொழிலாளியிடமிருந்து பறித்தார்கள் என்பதுதான் ஆங்கிலேயக் கைவினைஞர் வில்லியம் மாரிஸின் கோபம்.

வாசகர், நிரவி: மாரிஸ் வெள்ளைக்காரர். நம்மவர் யாரும் இல்லையா?

ஆனந்த குமாரசாமி! 1877-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை முத்து குமாரசாமி தமிழர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை, மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய அதே கை அச்சுப்பொறியில் அச்சிட்டார். ஓராண்டுக்கு மேல் உழைத்து 1908-இல் முடித்தார். மொத்தம் 425 படிகள்.

வாசகி, காரைக்கால்: பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டை இடிக்கிறோம். பழைய கதவை என்ன செய்ய?

எடைக்குப் போடாதீர்கள். நிலையின் அளவைக் கொத்தனாரிடம் சொன்னால் புது வீட்டு வாசலை அதற்கேற்ப விட்டுக் கட்டுவார்.

வாசகர், திருமலைராயன்பட்டினம்: கைவேலை எல்லாம் பணக்காரர் சமாச்சாரம் இல்லையா?

மாரிஸை உறுத்தியதும் இதுவே. அவர் பட்டறைப் பொருள்களை வசதி உள்ளவர்களே வாங்க முடிந்தது. 1883-இல் அவர் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகாமலே ஒரு வழி இருக்கிறது. வீடு முழுக்க இழைக்க வேண்டாம். ஒரே ஒரு பொருள் போதும். சீர்காழி தாண்டிச் சிதம்பரம் போகும் வழியில் தைக்காலில் பிரம்பு நாற்காலி முடைகிறார்கள். முடைபவரிடமே நேராக வாங்குங்கள். தயவுசெய்து பேரம் மட்டும் பேசாதீர்கள்.