முந்திரிக்கொட்டை இயல்: ‘யூஸ்’ ‘இஃப்’புக்கு அடங்காமை குறித்து

பெர்ல் மொழியில் ‘இஃப்’ அடைப்புக்குள், மாட்யூலை ஏற்றும் கட்டளையான ‘யூஸ்’ அடங்குமா என்பதே இவ்வாய்வின் பொருள். அடங்காது. முடிவை முதலிலேயே உடைப்பது ஆய்வு மரபன்று எனினும், ஆராயப்படுவதே ஒரு முந்திரிக்கொட்டை.

வரலாறு சிறிது. லாரி வால் 1987இல் பெர்லை வெளியிட்டார். ‘யூஸ்’ பிறந்தது 1994இல், ஐந்தாம் பதிப்பில். மாட்யூலை ஏற்றும் இன்னொரு கட்டளையான ‘ரிக்வயர்’ அதற்கு மூத்தது. மூத்தது காத்திருக்க, இளையது முந்துகிறது.

சான்று காண்க. விண்டோஸாக இருந்தால் மட்டும் ‘வின்32::ஓஎல்இ’ மாட்யூலை ஏற்று என்று ‘இஃப்’புக்குள் ‘யூஸ்’ எழுதுகிறார் ஒருவர். அதே ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வரில் முதல் வரி ஓடுமுன்பே, மாட்யூலைக் காணோம் என்று உயிரை விடுகிறது. நிபந்தனைதான் பொய்யாயிற்றே, ஏன் உள்ளே போயிற்று எனின், நிபந்தனையை எவரும் இன்னும் கேட்கவேயில்லை என்க. கோப்பைக் கம்பைல் செய்கையிலேயே பெர்ல் ‘யூஸ்’ஸை நிறைவேற்றிவிடுகிறது, ‘இஃப்’ கண் விழிப்பது ஓட்டம் தொடங்கிய பிறகு. நிபந்தனையில் வெறும் 0 இட்டாலும் இதே கதி. எழுதியவர் கணினியிலோ அந்த மாட்யூல் இருக்கும். ஆகவே அவருக்குக் குறை தெரிவதேயில்லை. பைத்தானில் ‘இம்போர்ட்’ சொன்ன இடத்தில் சொன்னபடி நடக்கும். ஆராய ஒன்றுமில்லாத மொழி.

‘யூஸ் இஃப்’ என எழுதுக என்பார் ஒரு சாரார். அற்றன்று. அங்கே நிபந்தனையும் கம்பைல் நேரத்திலேயே சோதிக்கப்படும். இயங்குதளத்தின் பெயரைக் கேட்டால் விடை கிடைக்கும். மேல்வரியில் ‘மை $வேணும் = 1’ என எழுதிக் கீழே அதைக் கேட்டாலோ, மாறி பிறந்திருக்கும், 1 இன்னும் வந்து சேர்ந்திராது. மாட்யூல் ஏறாது, பிழைச்செய்தியும் வராது. செத்து விழுந்த ஸ்கிரிப்டே மேல்.

எனவே பிழையைப் பிடிக்கும் ‘ஈவால்’ பிளாக்குக்குள் ‘ரிக்வயர்’ இடுவதே எம் கொள்கை. ஓடும்போதுதான் ஏற்றும், மாட்யூல் இல்லாவிட்டாலும் ஸ்கிரிப்ட் சாகாது. ‘இம்போர்ட்’ மட்டும் செய்யாது. ஃபங்ஷன்களை முழுப்பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஏற்றப்படும் கோப்பு உண்மை மதிப்பொன்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி; மாட்யூல்களின் கடைசி வரியில் அநாதையாக நிற்கும் ‘1;’ அதற்காகத்தான். 2023இல் வந்த 5.38 இவ்விதியைத் தளர்த்திற்று. ஆனால் அச்சலுகை வேண்டுவோர் அக்கோப்பிலேயே ‘யூஸ் வி5.38’ என்று எழுத வேண்டும்.