காத்துக்குப் பரீட்சை

கேள்வி: எங்க கரிசக்காட்டுல காத்தாடி சுத்துது, கரண்டு வருது. அதுக்குத் தரநிர்ணயம், சோதனை நிலையம் எல்லாம் எதுக்கு?
– ஒரு வாசகர், கயத்தாறு

பதில்: காற்றாலை விற்கிறவர் சொல்லும் யூனிட் கணக்கும், பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளமும் ஒரே ரகம் அண்ணாச்சி! விசாரிக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். பள்ளிக்கரணையில் தலைமையகம் வைத்திருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றில், டென்மார்க் உதவியோடு அமைந்தது.

அங்கே காற்றாலைக்கு வைக்கும் பரீட்சையின் கேள்வித்தாள், ஐ.இ.சி. 61400 என்ற உலகத் தர வரிசை. அதில் பலவற்றை நம் தரநிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். இந்தியத் தரமாகவும் ஏற்றிருக்கிறது. பரீட்சை லேசுப்பட்டதல்ல. இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டத்தைப் போல 2 முதல் 4 மடங்கு தள்ளி ஒரு கம்பம் நட்டு, காற்றை அளக்க வேண்டும். பத்துப் பத்து நிமிடச் சராசரியாக, மொத்தம் குறைந்தது 180 மணி நேரக் கணக்கு. ஆடிக்காற்றில் மட்டும் ஆடிக்காட்டினால் செல்லாது. காற்றின் வேகத்தை நொடிக்கு அரை மீட்டர் அரை மீட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரமாவது சாட்சி வேண்டும். (அரசியல்வாதிகளின் வாக்குறுதிக்கு இப்படி ஒரு தரம் எழுத இன்னும் கமிட்டி போடவில்லை.)

இதே கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனை விசாரித்தவர்களுக்கு 180 மணி நேரமெல்லாம் தேவைப்படவில்லை. விசாரணையும் தூக்கும் ஒரே நாளில் முடிந்தன.