துண்டு போடுதலும் ஓடுபாதையும்: ஓர் ஒப்பாய்வு

கணினித் திரையில் விமானம் ஓட்டுகிறவர்கள் ஓடுபாதை ஓரத்தில் ஏன் காத்து நிற்கிறார்கள் என்பது அறிஞர் உலகம் கண்டுகொள்ளாத கேள்வி. 2001-இல் தொடங்கிய வாட்சிம் வலையமைப்பில் பைலட்டும் ஆசைக்கு ஓட்டுகிறவர்தான். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் சம்பளம் வாங்காதவர்தான். திருப்பதி விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரேணிகுண்டாவில் அமைந்த அதற்கு ஒரே ஓடுபாதை. ஒரு முனைக்கு 08, மறு முனைக்கு 26 என்று பெயர். அங்கிருந்து கிளம்பும் திரைப் பைலட் பயணத் திட்டம் பதிகிறார், கிளியரன்ஸ் கேட்கிறார், சொன்ன பாதையையும் உயரத்தையும் நாலிலக்க ஸ்குவாக் எண்ணையும் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார். புஷ்பேக்குக்கு ஒரு அனுமதி, டாக்சிக்கு ஒன்று, மேலெழும்ப ஒன்று. வயிற்றைப் பிசையும் பயணியும் இல்லை, காசு கொடுத்து நிரப்பும் எரிபொருளும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை பணிவு? காரணம் வானத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

உயிர்ப் பயமே காரணம் என்பார் ஒரு சாரார். அசல் வானத்துக்கு அது பொருந்தும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை மேலெழும்ப அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறெப்போதும் உச்சரிக்கக் கூடாது, மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’தான் என்ற கட்டுப்பாடு அந்தச் சாவுகளுக்குப் பின் வந்தது. திரைப் பைலட்டும் இதைத் தவறாமல் காக்கிறார். ஆனால் அவர் உலகில் ஒரு விமானம் இன்னொன்றுக்குள் புகுந்து கீறல்படாமல் வெளியே வந்துவிடும். சாவே இல்லாத இடத்தில் சாவுக்கு அஞ்சினார் என்பது ஆய்வுக்கு நிற்காது.

மாறாக, வாட்சிமின் நடத்தை விதிகளைப் படித்தால் வாடை வேறு பக்கம் அடிக்கிறது. புழக்கத்தில் உள்ள ஓடுபாதையில் நின்றபடி இணைப்புக்குள் வரக் கூடாது. அதாவது, வரிசையின் தலைமாட்டில் திடீரென முளைக்கக் கூடாது. 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாமல் விமானத்தை விட்டுப் போகக் கூடாது. அதாவது, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. எஞ்சினில் தீ என்று ஆபத்தை அறிவிக்கலாம்; ஆனால் கட்டுப்பாட்டாளர் வேண்டாம் என்றால் அந்தக் கணமே தீ அணைந்தாக வேண்டும், இல்லையேல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரவல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலின் தனி வாசலுக்கு வருகிறவரிடம் காவலர் காட்டும் கண்டிப்பு இது. மூன்று விதிகளும் காப்பாற்றுவது உயிரை அல்ல, முறையை. ரேணிகுண்டாவிலிருந்து மலையேறினால் வரும் திருமலை வைகுண்டம் காம்ப்ளெக்ஸின் தரிசன வரிசையிலும் இதே முறைதான்: அறை அறையாக உட்கார்ந்து, கொடுத்த பாலைக் குடித்து, கதவு திறந்தால்தான் எழுந்திருக்க வேண்டும்.

காவலர் இருப்பதால்தானே வரிசை நிற்கிறது என்று கேட்கலாம். டவரில் ஆள் உட்காராத வேளையில் சென்னைப் பரப்பைக் கவனிப்பவர் ரேணிகுண்டாவையும் சேர்த்துப் பார்ப்பார். அவரும் இல்லையென்றால்? பைலட் 122.800 அலைவரிசைக்குப் போய், தான் எந்த முனையில் நிற்கிறார், எப்போது கிளம்புகிறார் என்று ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். கேட்க ஆளில்லாதபோதும் அவர் தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதிப்பதில்லை. மலைமேலே வி.ஐ.பி. தரிசனம் உண்டே என்பது அடுத்த ஆட்சேபம். உண்டு, அதைப் பார்த்துக் கீழே நிற்பவர் முணுமுணுக்கிறாரே, அந்த முணுமுணுப்புதான் வரிசை தர்மம் உயிரோடிருப்பதற்குச் சாட்சி. பின்னால் நிற்பவரின் விமானம் பொய். அவர் செலவழிக்கும் மாலை நேரம் மெய். ஆகவே திரைப் பைலட்டுகளுக்கு ஒரு வார்த்தை: சாப்பிட்டு, கை கழுவி வந்த பிறகு கிளியரன்ஸ் கேளுங்கள்.