கொஞ்சினால் கஞ்சி

புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில், போன ஆடி மாதம், ஒரு ஹொலிவூட் படத்துக்கு நடுவர் குழு கூடியது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகள் ஒருத்தி. அந்தப் படத்தின் நாவல் வரிசையைக் கரைத்துக் குடித்தவள், வயது பதினாறு. மற்றது நான், மொழிபெயர்ப்பு உத்தியோகம். தலைமை நடுவர் அம்மா. வயது எண்பத்தொன்று. அவ கடைசியாக முழுதாகப் பார்த்த படம் 1965இல் வந்த 'திருவிளையாடல்'.

படம் 'த ஹங்கர் கேம்ஸ்'. சுசான் கொலின்ஸ் 2008இல் எழுதிய இளையோர் நாவல். 2012இல் கேரி றொஸ் படமாக்கினார். பெயரை மொழிபெயர்த்தேன்: "பசி விளையாட்டு."

"பசியிலை என்ன விளையாட்டு?" என்றா அம்மா. முதல் புள்ளி அங்கேயே குறைந்தது.

கதையைச் சொன்னேன். ஒரு நாடு, பன்னிரண்டு மாவட்டங்கள். ஒவ்வொரு வருடமும் மாவட்டத்துக்கு ஒரு பெடியன், ஒரு பெட்டை. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரையான பிள்ளைகளில் சீட்டெடுத்துப் பிடிப்பார்கள். இருபத்துநான்கு பேரையும் காட்டில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை சண்டை பிடிக்கவைத்துத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள்.

"ஆர் உந்த வேலை பாக்கிறது?"

"தலைநகரத்திலை இருக்கிறவை."

"அப்ப சரி," என்றுவிட்டு அம்மா சுவரில் சாய்ந்தா. மருமகளுக்கு இந்த இடத்தை விளங்கப்படுத்த நாவலாசிரியைக்கு எத்தனை பக்கம் தேவைப்பட்டதோ தெரியாது.

நாட்டின் பெயர் பனெம். லத்தீனில் பாண் என்று பொருள். இந்தச் சொல்லின் வழியில் வந்த போர்த்துக்கேயச் சொல்லைத்தான் நாங்கள் நானூறு வருடமாகப் பாண் என்று சம்பலோடு சாப்பிடுகிறோம். "நாட்டின்ரை பேரே பாண், பிறகேன் பசி?" என்று அம்மா கேட்டா. உலகத்துப் பொருளியல் அறிஞர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. என்னிடம் கேட்டால்?

சீட்டெடுக்கும் காட்சி வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை கூடுதலாகத் தானியமும் எண்ணெயும் வாங்கினால், அதற்கு ஈடாகச் சீட்டுப் பெட்டியில் அதன் பெயர் கூடுதலாக விழும். நாவலில் விரிவாக வரும் இந்தக் கணக்கு, படத்தில் போகிற போக்கில் ஒரு பேச்சோடு முடிகிறது. மருமகள் அதைப் பெருமையோடு விளக்க வாயெடுத்தாள். "கூப்பன் மாவுக்குப் பேர் எழுதுகினம்," என்று அம்மா முடித்துவிட்டா. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாது. தங்கச்சியின் பெயர் விழ, அக்காக்காரி காட்னிஸ் "நான் போறன்" என்று ஓடிவந்தபோது மட்டும் அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்ட காலமும் எங்களுக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் செருமிக்கொண்டு, "தாய்க்காரி எங்கை?" என்றா. படம் 142 நிமிடம். அதில் தாய்க்காரி வாய் திறப்பது மிகச் சொற்பம். அதற்கும் ஒரு புள்ளி போனது.

காட்டுக்குள் போனதும் நடுவர் தீர்ப்புகள் மளமளவென்று வந்தன.

"ஓடேக்கை பானையை விட்டிட்டு ஓடுறாள். எதிலை காய்ச்சிறது?"

"உப்பு எங்கை?"

"தண்ணி உடனை கிடைச்சிட்டுது. பொய்."

மூன்றாவதில் அம்மாவும் நாவலும் ஒரே கட்சி. நாவலில் அந்தப் பெட்டை தாகத்தில் சுருண்டு விழும் இடம் பெரிய இடம். படத்தில் அதைச் சுருக்கிவிட்டார்கள். புங்குடுதீவில் உவர்க் கிணறுகளுக்கு நடுவே குடத்தோடு நல்ல தண்ணீர் தேடி நடந்த ஒருவரை இப்படி ஏமாற்ற முடியாது. கமெராவும் ஓயாமல் ஆடியது. இயக்குநர் வேண்டுமென்றே கையில் தூக்கிக்கொண்டு எடுக்கவைத்தது அது. சோளகக் காற்றுக்கு நெடுந்தீவுப் படகில் போவதுபோல எனக்கே குமட்டியது. லப்டொப் பழுது என்று அம்மா முடிவுகட்டினா.

இடையில் "ஸ்பொன்சர்" என்ற சொல் கேட்டது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆர் எடுக்கிறது? கனடாவோ, சுவிசோ?"

அப்படி இல்லை, பார்க்கிறவர்களில் பணக்காரர் சிலர் தங்களுக்குப் பிடித்த பிள்ளைக்குக் காசு கட்டுவார்கள், அந்தக் காசில் சாமான் வாங்கி வெள்ளிப் பரசூட்டில் காட்டுக்குள் இறக்குவார்கள் என்று சொன்னேன். கோயில் மணியிலிருந்து மின்விசிறி இறக்கைவரை 'உபயம்' எழுதியிருக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, அந்தப் பரசூட்டில் கொடையாளர் பெயர் இல்லாததுதான் நம்பமுடியாமல் இருந்தது.

அம்மாவுக்குப் பரசூட் புதிதல்ல. 1987 ஜூன் 4, இந்தியா 'பூமாலை' என்று பெயர் வைத்து யாழ்ப்பாணத்தின் மேல் சாப்பாட்டுச் சாமான் போட்ட நாள். முதல் நாள் கடலால் அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பிவிட்டது. மறுநாள் ஐந்து அன்ரனோவ் விமானங்கள், காவலுக்கு மிராஜ் போர் விமானங்களோடு வந்து, சுமார் 25 தொன்னைப் பரசூட்டில் கொட்டிவிட்டுப் போயின. அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்றவ. "ஊரெல்லாம் மேலை பாத்துக் கை காட்டினது. எங்கடை வளவுக்குள்ளை ஒண்டும் விழேல்லை," என்றா. குறை இன்றைக்கும் ஆறவில்லை. குடாநாட்டுச் சனத்துக்கெல்லாம் பங்கு வைத்திருந்தால் ஆளுக்கு ஒரு பிடியும் வந்திராது. ஆனால் அடுத்த மாதமே கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது. சில பரசூட்டுகளில் அரிசியைவிடப் பாரமான சாமானும் இறங்குவதுண்டு.

இந்த விளக்கம் முடிய, திரையில் ஒரு குகை. காயப்பட்டுக் கிடக்கும் தன் மாவட்டத்துப் பெடியன் பீற்றாவுக்குக் காட்னிஸ் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கிறாள். வெளியே பரசூட்டில் சூப் வருகிறது. கூடவே ஒரு துண்டு: இதெல்லாம் ஒரு முத்தமா என்று. சூப்பை நான் கஞ்சி என்று மொழிபெயர்த்தேன்.

"கொஞ்சினால் கஞ்சியோ?" அம்மா வாயில் கை வைத்தா.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பில் ஊடக அரசியல் பற்றி நான் படித்தது இவ்வளவுதான். அதுவும் எதுகையோடு படிக்கவில்லை. பார்க்கிறவனுக்கு ஒரு காட்சி வேண்டும். காட்சி கொடுத்தால் சாப்பாடு.

படம் முடிந்ததும் புள்ளி கேட்டோம். படத்தில் காட்னிசுக்கு நடுவர்கள் பன்னிரண்டுக்குப் பதினொன்று போட்டார்கள். அம்மா படத்துக்கு ஆறு போட்டா. தங்கச்சிக்காகப் போனதுக்கு மூன்று. கடைசியில் ஒருவருக்குப் பதில் இரண்டு பிள்ளைகள் உயிரோடு வந்ததுக்கு மூன்று. சண்டைக்கு? "அதுக்கென்னத்துக்குப் புள்ளி?"

பிறகு எழும்பிப்போய்க் கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த பழைய பையை எடுத்து வந்து மருமகள் மடியில் வைத்தா. 1991இல் தீவை விட்டு வெளிக்கிட்டபோது தோளில் போட்ட பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சிரட்டைக் கரண்டி, துணியில் முடிந்த உப்பு. "உவளிட்டை உதில ஒண்டும் இல்லை," என்றா. உப்பு கல்லாகியிருந்தது.

மருமகள் புறப்படும் நாள், அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். உடனே உள்ளேயிருந்து ஒடியல் மா, பினாட்டு, மிளகாய்த்தூள் என்று பொதி பொதியாக இறங்கியது. மறுநாள் கட்டுநாயக்காவிலிருந்து தொலைபேசி: பெட்டி மூன்று கிலோ கூட, என்ன செய்ய என்று அம்மம்மாவிடம் கேட்கட்டாம்.

அம்மா யோசிக்கவே இல்லை.

"உடுப்பை எறியச் சொல்லு."