ரப்பர்க்காரர் மகன்

எனக்குச் சொந்த ஊர் குலசேகரம் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்த மூலையில் ரப்பர் மரம் நிற்காத மேடு கிடையாது. வெயில் ஏறுவதற்குள் பால் வெட்டி முடித்தாக வேண்டும்; ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அப்பா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்புவார். லீவு நாட்களில் நானும் பின்னால் போய், சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கியிருக்கிறேன். சட்டையில் ஒரு சொட்டுப் பால் பட்டால் அந்தச் சட்டைக்கு ஆயுள் தண்டனை. எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில்கூட ரப்பர் ஷீட் வாடை அடிக்கும். ஆகவே ரப்பரைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நாற்பத்திரண்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடம் எடுத்தது டொராண்டோ. கட்டணமாக நான்கு புது டயரும் ஒரு லாரி வாடகையும், வீட்டில் மிச்சமிருந்த மானமும் போயின.

நாற்பது தாண்டினால் மனிதனுக்கு முழங்கால் வலி வர வேண்டும். எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. அந்த ஆகஸ்டில் ஒரு பழைய போர்ஷே பாக்ஸ்டர் எஸ் வாங்கினேன். 2009 மாடல், 310 குதிரைத்திறன், இரண்டே இருக்கை, மடக்கினால் மடங்கும் கூரை. புது கேம்ரி ஒன்றின் விலையைவிடக் குறைவு என்பது என் கணக்கு. கேம்ரியில் ஐந்து பேர் உட்காரலாம் என்பது மனைவியின் கணக்கு. எஞ்சின் நடுவில் கிடப்பதால் இந்த வண்டிக்கு முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. அவள் இரண்டையும் திறந்து பார்த்தாள். “ரெண்டு டிக்கி இருந்து என்ன? அரிசி மூட்டை ஒண்ணுலயும் படுக்காதே” என்றாள். நிற்க வைக்கலாம் என்றேன். “நம்ம பிள்ளையையும் அதுக்குள்ளயே நிக்க வையுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அந்த வண்டியில் முதலில் பிடித்தது டயர்தான். ரத்தம் சும்மா இருக்குமா? முன் டயர் 235 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 265. தொட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கும், ஷீட் அடித்துப் பாதி காய்ந்த பதம். பக்கவாட்டில் ‘இசட் ஆர்’ என்று பொறித்திருந்தது. மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேலும் தாங்கும் என்று அதற்குப் பொருள். டொராண்டோவுக்குள் 401 நெடுஞ்சாலையில் எல்லை 100. மாலை ஐந்து மணிக்கு அதே சாலையில் 20-இல் நகர முடிந்தால் வண்டியில் யாரோ புண்ணியம் செய்தவர் இருக்கிறார் என்று அர்த்தம். மிச்சமுள்ள 220-ஐ என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் வெள்ளி குத்துவிளக்கு இருந்தால் தினமும் ஏற்றியா பார்க்கிறோம்?

அக்டோபரில் எண்ணெய் மாற்றுவதற்காக ஸ்காபரோவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்பேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, குனிந்து டயரைப் பார்த்தார்.

“தம்பி, உது சமர் ரயர் எல்லோ.”

“ஆமா அண்ணே.”

“ஏழு டிகிரிக்குக் கீழ போனால் உது இறுகிப் போடும். பிறகு பிரேக் அடிச்சாலும் நிக்காது, திருப்பினாலும் திரும்பாது. வின்ரர் ரயர் மாத்துங்கோ. இல்லாட்டி வின்ரர் முடியுமட்டும் மூடி வையுங்கோ.”

“அண்ணே, ரப்பர் எனக்குத் தெரியாதா? பிறந்ததே ரப்பர் தோட்டத்துல.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “சரி தம்பி. என்ர நம்பர் போனில கிடக்குத்தானே?” என்று மட்டும் கேட்டார். எவ்வளவு அன்பான மனிதர் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

எனக்கு இன்னொரு வாதமும் இருந்தது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம், சட்டமே இருக்கிறது. ஒண்டாரியோவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வேண்டியதென்றால் அரசாங்கம் சொல்லியிருக்காதா? வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும் என்று 2016 முதல் இதே ஒண்டாரியோவில் விதி இருப்பது எனக்குத் தெரியும். காசைப் பிடித்துக்கொள்வதற்கென்றே பிறந்த ஒரு தொழிலையே காசைக் குறைக்க வைக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று ஒரு சாதாரணப் புத்திக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத்தான் ரப்பர் தெரியுமே.

நவம்பர் பிறந்ததும் வண்டி பேச ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் டயரில் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். ஆகஸ்ட் வெயிலில் அடித்த காற்று நவம்பரில் சுருங்கிப் போய்க் கிடந்தது. காற்று அடித்தேன், விளக்கு அணைந்தது. பஞ்சர்கூட இல்லாத வண்டி என்று வீட்டில் பெருமையும் அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தது நிஜமான கலவரம். ஆபீஸ் பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுக்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தினேன். வண்டி நகரவில்லை, துள்ளியது. டுக், டுக், டுக் என்று முன்பக்கம் பக்கவாட்டில் எகிறி எகிறி விழுந்தது. கிடையில் புதிதாகச் சேர்ந்த ஆட்டுக்குட்டி மாதிரி. பக்கத்து டெஸ்க் சீனப் பெண் நின்று பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆக்சில் போச்சு, சஸ்பென்ஷன் போச்சு என்று மனசுக்குள் பெரிய பில் ஒன்று ஓடியது. நேரே அண்ணையிடம் போனேன்.

அவர் ஓட்டிப் பார்த்து, ஒடித்துப் பார்த்து, இறங்கினார். “ஒண்டும் உடையேல்லை. ரயர் துள்ளுது.”

முழுக்க ஒடிக்கும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வட்டத்தில் ஓட வேண்டியிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கோணக் கணக்கை வேகமாக வளைவதற்குத் தோதாக வைத்திருப்பார்கள், பார்க்கிங்கில் உருட்டுவதற்கு அல்ல. அதனால் மெதுவாக ஒடிக்கும்போது டயர் கொஞ்சம் இழுபட்டே ஆக வேண்டும். சூட்டில் ரப்பர் வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். குளிரில் விறைத்த ரப்பர் வளையாது. முறுக்கு தாங்காமல் சட்டென்று விட்டுத் தாவும், மறுபடி பிடிக்கும், மறுபடி தாவும். இதையெல்லாம் சொல்லி முடித்து அவர், “நான் அண்டைக்கே சொன்னனான்” என்றார். ஒரு தடவைதான் சொன்னார். வீட்டில் என்றால் அது பொங்கல்வரை ஓடியிருக்கும்.

அப்போதாவது நான் டயரை மாற்றியிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் 11 டிகிரி, பளீரென்ற வெயில். கனடாவில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்கு நவம்பரில் 11 டிகிரி என்றால் ஊரில் சித்திரைத் திருவிழா. கூரையை மடக்கினேன், மனைவியை ஏற்றினேன், ப்ளஃபர்ஸ் பார்க்குக்கு விட்டேன்.

அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் இங்கேயே சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். பிரிம்லி சாலை கிங்ஸ்டன் சாலையைத் தாண்டித் தெற்கே போய், ஸ்காபரோவின் உயரமான மண் பாறைகளுக்கு நடுவே சடசடவென்று சரிந்து, ஒண்டாரியோ ஏரிக்கரையில் முடியும். காரில் போனால் இறங்குவதற்கும் அதே சாலை, ஏறுவதற்கும் அதே சாலை. இறங்கும்போது காற்று முகத்தில் அடிக்க, எனக்கு வயது பாதியாகக் குறைந்தது. ஏரியைப் பார்த்தோம். அன்னங்களைப் பார்த்தோம். ஃபிளாஸ்க்கில் கொண்டு போன காப்பியைக் குடித்தோம். கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிட்ட மாதம் அல்லவா, ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விட்டான். போகும்போது வெயிலை மட்டும் கொண்டு போகவில்லை. காற்று திசை மாறியது, ஏரிப் பக்கமிருந்து ஈரக் குளிர் வந்தது, மாவு சலித்த மாதிரி பனி விழத் தொடங்கியது. வண்டிக்குள் ஏறியபோது வெளி வெப்பநிலை 1 டிகிரி என்று காட்டியது.

ஏற்றத்தில் முதல் பாதி ஒரு மாதிரி ஏறியது. வளைவுக்கு வந்ததும் பின் சக்கரம் சும்மா சுழல ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். சறுக்கலைத் தடுக்கும் கருவி ‘பொறு’ என்று விளக்கு காட்டி எஞ்சினை அடக்கியது. நான் அழுத்த அழுத்த அது அடங்கியது. மாமியார் வீட்டில் மாப்பிள்ளை குரலை உயர்த்தினால் இப்படித்தான் நடக்கும். 310 குதிரைகளும் கொட்டிலை விட்டு வெளியே வரமாட்டோம் என்று நின்றுவிட்டன. எங்களை ஒரு பழைய கொரோலா தாண்டிப் போனது. அடுத்து ஒரு மினிவேன். அப்புறம் நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், நடந்து.

அந்தக் கிழவர் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினார். “சம்மர்ஸா?” என்றார். சர்க்கரையா என்று டாக்டர் கேட்கிற தொனி. ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு நாயோடு ஏறிப் போனார். நாய்க்குக் கால் வழுக்கவில்லை.

பிரேக்கை விடுவதும் பிடிப்பதுமாக வண்டியைப் பின்னாலேயே உருட்டிக் கீழே கொண்டு வந்தேன். கும்பிட்டதும் கும்பிடாததுமான எல்லா சாமிகளும் அந்த ஐந்து நிமிடத்தில் நினைவுக்கு வந்தார்கள். பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு அண்ணையைக் கூப்பிட்டேன். நம்பர் போனில் கிடந்தது. “எங்க, பிரிம்லி இறக்கத்திலயோ?” என்று நான் சொல்லாமலே கேட்டார்.

அவர் அனுப்பிய லாரி ஒரு மணி நேரம் கழித்து வந்தது. டிரைவர் வண்டியை மேலே ஏற்றுமுன் பின் டயரை விரல் முட்டியால் தட்டினார். டக் டக் என்று மரக்கட்டைச் சத்தம். “ஹாக்கி பக்” என்று சிரித்தார். பனி ஹாக்கியில் அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லை, வல்கனைஸ் செய்த கெட்டி ரப்பர். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். உறைந்தால்தான் எகிறிக் குதிக்காமல் பனியில் வழுக்கிக்கொண்டு போகும். ரப்பரைக் குளிர வைத்தால் வழுக்கும் என்பதையே தேசியக் குளிர்கால விளையாட்டாக வைத்திருக்கும் நாட்டில், அதைச் சோதித்துப் பார்க்க நான் தனியாக ஒரு போர்ஷே வாங்கியிருக்கிறேன்.

லாரியில் டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஹீட்டர் கதகதவென்று இருந்தது. “இந்த வண்டி வாங்கினதுல இருந்து இதுதான் சௌகரியமான பயணம்” என்றாள் மனைவி. கொஞ்ச தூரம் போனதும், “நம்ம பாத்ரூம்ல தேங்கா எண்ணெய் பாட்டில் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“உறைஞ்சு கிடக்கு.”

“பக்கத்துல நல்லெண்ணெய்?”

“அது ஓடும்.”

“ரெண்டும் எண்ணெய்தானே?” என்றாள். அவ்வளவுதான். டயர் கம்பெனிக்காரன் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் பாட்டிலோடு முடித்துவிட்டாள். சம்மர் டயருக்கான கலவை சூட்டில் இளகிக் கல்லும் தாருமான ரோட்டின் சின்னச் சின்னக் குழிக்குள் போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்தது. ஏழு டிகிரி வாக்கில் அந்த இளக்கம் போக ஆரம்பிக்கிறது. ரோட்டில் பனியே இல்லாவிட்டாலும் சரி, காய்ந்து கிடந்தாலும் சரி, இறுகியது இறுகியதுதான். நான் வானத்தில் பனி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது தெர்மாமீட்டரை.

மறுநாளே நான்கு வின்டர் டயர் போட்டாயிற்று. பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் உள்ளே ஒரு பனிப்பூவும் பொறித்த டயர். கழற்றிய சம்மர் டயர்களை ஷெட்டில் போடப் போனேன். அண்ணை தடுத்தார். பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரி போனால் இந்த ஜாதி டயர்கள் விறைத்துக் கிடக்கும்போது மேல் ரப்பர் வெடிக்கும் அபாயம் உண்டு, உருட்டவும் கூடாது, சூடான இடத்தில் வைக்க வேண்டும் என்றார். ஆக, நான்கு டயர்களும் எங்கள் பேஸ்மென்டில் ஹீட்டருக்கு எட்டின தூரத்தில், போர்வை போர்த்திக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தங்கின. டிசம்பரில் வந்த மச்சினனுக்கு இடமில்லாமல் ஹால் சோபாவில் படுக்கை போட்டோம். “டயருக்குக் குடுத்த ரூமை எனக்குக் குடுக்கலையே” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அப்பாவிடம் வீடியோ காலில் காட்டினேன். போர்வையை விலக்கச் சொன்னார். “மக்ளே, இதுல நம்ம ரப்பர் உண்டுமா?”

அதை நான் அதற்குள் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் சம்மர் டயரின் மேல்பகுதி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் செயற்கை ரப்பர். மரத்து ரப்பர் கடும் குளிரிலும் சுலபமாக விறைப்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி வாக்கில்தான் அது கண்ணாடி மாதிரி ஆகும். அதனால் வின்டர் டயரில்தான் மரத்து ரப்பரை அதிகம் சேர்ப்பார்கள். சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ உன்னைக் கவுத்த சாதனத்துக்கு ஹீட்டரும் போர்வையும். நம்ம மரத்துப் பாலு வெளிய பனியில நிக்கி?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. வெளியே போய் வின்டர் டயரைக் காட்டு என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு, போனைப் பிடித்தபடி பனியில் குத்த வைத்து, டயருக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டு போனேன். வின்டர் டயரின் ஒவ்வொரு கட்டத்திலும் மெல்லிசாக, நெளிநெளியாகக் கத்தியால் கீறிய மாதிரி வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்வுவதற்காக. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு வெகு அருகில் வந்தார்.

“இடது மேல இருந்து வலது கீழ, ஒரே சாய்வுல இறக்கணும் வெட்டு. இது என்ன, பாம்பு போன மாதிரி கெடக்கு? எவன் வெட்டினதுடே இது?”