கண்டினியுவல் சார்

மூணாறு பக்கத்து டீக்கடையில் பால் தீர்ந்துபோகும். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் தீர்ந்துபோக மாட்டார். மங்கி குல்லா, கக்கத்தில் குடை, சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா. பென்ஷன் வாங்கத் தொடங்கியும் மை காயவில்லை.

அவர் காதுபட யாரும் மழையைப் பற்றிப் பேசக் கூடாது. "மூணு நாளா கண்டினியுவஸா ஊத்துது சார்" என்று ஜீப் டிரைவர் ஒருவர் வாயைக் கொடுத்தார்.

"நடுவுல விட்டுச்சா?"

"நேத்து மத்தியானம் கொஞ்சம் வெறிச்சுதுங்க."

"அப்ப அது கண்டினியுவல். விட்டு விட்டுப் பெஞ்சா கண்டினியுவல். விடாம அடிச்சா, அடைமழை, அதான் கண்டினியுவஸ்."

அடைமழைக்கு உதாரணம் தேடி 1924-க்குப் போய்விடுவார். அந்த ஜூலை மழை, கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூத்தொன்பது வெள்ளம்', மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிப்போன குண்டளை ரயிலை, அதன் 2 அடிப் பாதையோடு வாரிக்கொண்டு போனது. "அந்த மழை மட்டும் கண்டினியுவலா இருந்திருந்தா, இன்னிக்கு நாம ரயில்ல போயிட்டிருப்போம்!" என்று மேசையைத் தட்டுவார். டீ தளும்பும்.

மறையூர், சின்னாறு பக்கம் இந்தப் பாடம் எடுபடாது. மழை மறைவுப் பூமி; இரண்டு வார்த்தைக்கும் அங்கே வேலை குறைவு. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையிலும் மழைப் பஞ்சம்தான். ஆனால் அங்கேயும் இப்படி ஒரு சார் இருந்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை வைத்துச் சமாளிப்பார்.

ஒருநாள் லயத்துப் பையன் ஒருவன் லீவ் லெட்டரைத் திருத்தக் கொண்டுவந்தான். 'கண்டினியுவஸ் ஃபீவர்' என்று எழுதியிருந்தான். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் எப்போது வந்தது, ராத்திரி விட்டதா, விடியற்காலையில் திரும்பியதா என்று டாக்டர்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். திருத்தி முடித்தபோது காய்ச்சலும் போயிருந்தது, கடைசி பஸ்ஸும் போயிருந்தது.

போன வாரம் கடைக்கார அண்ணாச்சி பற்று நோட்டை விரித்தார். "சார், இது ரெண்டுல எது?"

சாருக்கு முகம் மலர்ந்தது. "டீ குடிக்கிறேன், போறேன், மறுபடி வர்றேன். கண்டினியுவல்!"

"டீ சரிதான் சார். நான் பாக்கியைக் கேட்டேன். நடுவுல ஒரு மாசமாவது விட்டுச்சா?"

சார் எழுந்து குடையை விரித்தார். வெளியே மழை வெறித்து வெகுநேரம் ஆகியிருந்தது.