மூடு வரட்டும்யா, மெதுவா வரட்டும்

வாய்யா பேராண்டி, உக்காரு. மெட்ராசுல கம்பெனி வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்து, "இனிமே நான் ஃப்ரீலான்ஸ் ஆர்ட்டிஸ்ட்டு"ன்னு நீ நின்னப்போ உங்க அம்மை மூக்கைச் சிந்துனா. நான்தான் தேத்துனேன். "விடு தாயி, ஊருக்குள்ள மாடு மேய்க்க ஆள் இல்லாமத்தான கெடக்கு"ன்னேன். ஆனா உனக்கு அதுக்கும் நேரமில்லை. பதினோரு மணிக்கு எந்திரிச்சு, காப்பியைக் குடிச்சு, அந்த டேப்புல நாலு கோடு இழுத்து, நாலையும் அழிச்சுட்டு, "மூடு வரலை தாத்தா"ன்னு மோட்டைப் பாத்துப் படுத்துக்கிடுத. வரும்யா, மெதுவா வரட்டும். மதுரை பஸ்ஸுல வருதோ, திருநெல்வேலி பஸ்ஸுல வருதோ. வேணும்னா நான் போய் பஸ் ஸ்டாண்டுல நின்னு கையைப் புடிச்சுக் கூட்டியாறேன்.

நானும் ஒரு காலத்துல செவுத்து விளம்பரம் எழுதிப் பிழைச்சவன்தான். சித்திரை வெயில்ல சாரத்துல ஏறி நின்னா மூடு வராது, மயக்கந்தான் வரும். சுண்ணாம்பு காஞ்சதும் நூல் அடிச்சு, எழுத்துக்கு அளவு புடிச்சு, முதல் எழுத்தை எழுதிறணும். அது கோணக்கட்டையாத்தான் இருக்கும். மூணாவது எழுத்துல கை இளகும். அப்பத்தான் நீ சொல்லுதியே மூடு, அது வந்து பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கும். வேலை நடக்காத இடத்துக்கு அது எதுக்கு வரணும், அதுக்கு வேற சோலி இல்லையா?

நம்ம கோவில்பட்டியிலயே ஒரு பெரிய மனுசர் இருந்தாரு, கொண்டைய ராஜு. 1898-ல பொறந்தவரு. மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கூடத்துல முறையாப் படிச்சவரு. திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துலயும் கொஞ்ச காலம் இருந்துட்டு, அப்புறம் நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிக்கிட்டுத் திரிஞ்சாரு. 1940-கள்ல அந்தக் கம்பெனி இந்த ஊருக்கு வந்த இடத்துல கலைஞ்சு போச்சு. நீயா இருந்தா, "கலைஞனை மதிக்காத சமூகம்"னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு ஒரு வாரம் சோறு திங்க மாட்ட. திங்காம இருக்க மாட்ட, திங்காத மாதிரி இருப்ப. அவரு என்ன செஞ்சாரு? இங்கனயே தங்கி, சீடப்பிள்ளைகளைச் சேத்துக்கிட்டு தேவி ஆர்ட் ஸ்டுடியோன்னு ஆரம்பிச்சாரு. அங்க போட்டோ ஸ்டுடியோ வேலையும் நடந்துச்சு, சிவகாசி அச்சாபீசுக்குச் சாமி படமும் எழுதுனாக. போட்டோ வேலை பாத்தா கலைக்கு இழுக்குன்னு அங்க யாரும் படுத்துக்கிடலை. 1976-ல அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரு எழுதுன லட்சுமியும் முருகனும் இன்னைக்கும் எத்தனையோ வீட்டுச் செவுத்துல பொட்டு வச்சுக்கிட்டு நிக்காக. நீ என்னடான்னா, கல்யாணப் பத்திரிகைக்குப் படம் கேட்டு வந்த பிள்ளைகிட்ட, "அது என் ஸ்டைல் இல்லை"ங்க. ஸ்டைலு எங்க இருக்கு, காட்டு பாப்போம்!

இன்னொண்ணும் கேட்டுக்கோ. சிவகாசியில அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்னைக்கே வெளியிட்டுருவாக. ஜவுளிக்கடைக்காரன், நகைக்கடைக்காரன் எல்லாம் அதைப் புரட்டித்தான் ஆர்டர் குடுப்பான். அப்போ படம் எப்ப ரெடியா இருக்கணும்? ஆடிப்பட்டம் தேடி விதைன்னது சம்சாரிக்கு மட்டுமா? நீ மார்கழியில பனி பேயுத நேரத்துல காலண்டர் படம் அனுப்பிட்டு, "ஒருத்தனும் பதில் போடலை"ன்னு மனசு ஒடிஞ்சு உக்காருத. ஒவ்வொரு தொழில்காரனும் எந்த மாசம் காசு செலவழிப்பான்னு ஒரு நோட்டுல எழுதி வையி. படம் வரையுறதைவிட அது சின்ன வேலைதான்.

"இன்ஸ்டாகிராம்ல போட்டிருக்கேன், பாக்குறவுக கூப்புடுவாக"ங்க. லைக் போட்டவுகளை நானும் உன் தங்கச்சிகிட்ட காட்டச் சொல்லிப் பாத்தேன். பாதிப்பேர் உன்னைய மாதிரியே படம் வரையுதவுக. அவுகளும் வேலைக்குத்தான்யா அலையுதாக! காசு குடுக்கவன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால உக்காந்திருக்கான். நம்ம ஊரு கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாக. பாக்கெட்டுக்கு மேல நல்லதா ஒரு படம் வேணும்னு எந்த முதலாளிக்கும் தோணாதா? எத்தனை கடை ஏறிக் கேட்ட? ஏறுன ஒரு கடையிலயும் மாதிரி மிட்டாயைத் தின்னுட்டு இறங்கிட்ட. இல்லைன்னு சொன்னா என்ன, மிட்டாயைப் புடுங்கிக்கிடவா போறான்? பத்து பேரு இல்லைம்பான், பதினோராவது ஆளு, "இந்த லேபிள்ல எழுத்து மட்டும் மாத்திக் குடுப்பியா"ம்பான். மூஞ்சியைச் சுளிக்காம மாத்திக் குடு. பெரிய வேலையெல்லாம் அப்படிச் சந்து வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும்.

துட்டு விசயத்துக்கு வருவோம். தேர்தல் சமயத்துல ராப்பகலா செவுரு எழுதியிருக்கேன். "ரிசல்ட்டு வரட்டும் அண்ணாச்சி, மொத்தமா வாங்கிக்கிடுங்க"ன்னாக. ஜெயிச்சவரைக் கிட்டப் போய்ப் பாக்க முடியலை, தோத்தவரு வீட்டை விட்டு வெளிய வரலை. அதுலேருந்து ஓட்டுப் பெட்டிக்கு முன்னால துட்டுப் பெட்டி. நீயும் பாதியை அட்வான்சா வாங்கிட்டு டேப்பைத் தொடு. மீதிக்கு இழுத்தடிச்சான்னா சர்க்காரே உனக்குத் துணைக்கு நிக்கி. சிறுதொழில்காரவுக பதியுத உத்யம்ல பதிஞ்சுக்கிட்டா, அதுக்குக் காலணா செலவில்லை, 2006-ல போட்ட சட்டப்படி பேச்சு எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல உன் பில்லை நிறுத்தி வைக்கக் கூடாது. எழுத்துல ஒண்ணும் பேசலைன்னா 15 நாளுதான். தப்புனா ரிசர்வ் பேங்கு சொல்லுத வட்டியைப்போல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. கவர்மெண்டே வட்டி கேளுன்னு சொல்லுது, இவருக்கு அசலைக் கேக்க வெக்கமாம்! பில்லுல டி.டி.எஸ்.னு வரி புடிச்சிருப்பாக, அதையும் கணக்குத் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்க வழி இருக்கான்னு ஆடிட்டர்கிட்டக் கேளு. கலைஞனுக்குக் கணக்கு வராதுன்னு எவன் சொன்னான்? டீக்கடையில சில்லறை குறைஞ்சா மட்டும் சண்டைக்குப் போறேல்ல?

சரி, நாளைக் காலையில குளிச்சு, சட்டையைப் போட்டு உக்காரு. லுங்கியோட உக்காந்தா கையும் லுங்கி கட்டிக்கிடும். பத்து மணிக்குக் காளியம்மன் கோயில் கமிட்டிக்காரன் வருவான். கொடைக்கு நோட்டீசு அடிக்கணுமாம், நான்தான் உன் பேரைச் சொல்லி வரச் சொன்னேன். "ஊர்க்காரியம்தானே தம்பி, சும்மா போட்டுக் குடுங்க"ன்னு இளிப்பான். பந்தல்காரனுக்கு, மைக்செட்டுக்காரனுக்கு, மேளத்துக்கெல்லாம் எண்ணி வச்சுட்டுத்தான் உங்கிட்ட வாரான். அவங்கிட்ட என்ன ரேட்டு சொல்லுவ? இப்ப என்னைய அந்த ஆளுன்னு நெனச்சுக்கிட்டு ஒருவாட்டி சொல்லு.

ம்ஹூம். தலையைச் சொறியாமச் சொல்லு.